பதினாறு புள்ளி ஆறு

தன் கையால் சரிசெய்த பொருளை யாரும் லேசில் சந்தேகப்படுவதில்லை. இருபத்துமூன்று வயதில் எனக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம். அதனால் என் கருவியைச் சந்தேகிப்பதற்குப் பதிலாக, நான் பிறந்து வளர்ந்த மலையையே சந்தேகப்பட்டேன்.

கொழும்பில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கருவிப்பெட்டி தூக்கிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் (இதை நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்). அடுப்புப் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சமிருக்கிறது என்று அளக்கும் கருவி அது. அதை வைத்து அடுப்புக்குக் காற்றைக் கூட்டிக் குறைத்தால் விறகு மிச்சமாகும். ஆனால் முதலில் கருவியைச் சரிசெய்ய வேண்டும். சுத்தமான காற்றில் அது 20.9 என்று காட்ட வேண்டும். நான் கொழும்பு ஆபீஸின் ஜன்னலைத் திறந்து வைத்து, திருகைத் திருப்பி 20.9க்குக் கொண்டுவந்தேன். யாரும் தொடக்கூடாதென்று திருகின்மேல் டேப் ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டேன்.

நான் தனியாகப் போன முதல் வேலை, ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) அமைந்தது. அங்கே தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு போடுகிறவர் என் அப்பா. நான் வருவதற்கு முன்பே ஆறு லயத்துக்கும் செய்தி போயிருந்தது.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் பார்க்கக் கருவியை முடுக்கினேன். 16.6.

கையேட்டில் சிவப்பு எழுத்தில் இருந்தது: சுற்றுக்காற்றில் ஒட்சிசன் 19.5க்குக் கீழே போனால் உடனே வெளியேறவும். டேப்பைப் பார்த்தேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது. அப்படியானால் தப்பு காற்றில்தான்.

"எல்லாரும் வெளிய போங்க! காத்துல ஒட்சிசன் இல்ல!"

சல்லடை ஓட்டும் செல்லம்மாக்கா நகரவில்லை. "நாங்க பொறந்ததுலேருந்து இந்தக் காத்தத்தானே புள்ள குடிக்கிறோம்?"

"அதுதான்க்கா பிரச்சினையே!"

அப்பா மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "எம் மக படிச்சவ. சும்மா சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டு, எரிகிற கட்டைகளைக் கொக்கியால் இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஸ்டோர் நின்றது.

நாற்பது பேரை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கும் 16.6. விஷக்காற்று பரவிவிட்டது என்று முடிவுசெய்து, எல்லோரையும் கோயில் மேட்டுக்கு ஏற்றினேன். அங்கே 16.5. ஏறி வந்த டீமேக்கர் ஐயா, ஸ்டோருக்கே பொறுப்பானவர், மூச்சு வாங்கியபடி நின்றார்.

"பாருங்க, ஐயாவுக்கே மூச்சு முட்டுது!" என்றேன்.

"ஏத்தம் ஏறினா முட்டாதாம்மா?" என்றார் அவர்.

தோட்டத்து மேனேஜரான துரை வந்தார். கருவியைப் பார்த்தார், வெயிலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரையும் பார்த்தார். "இது சொல்றபடி பாத்தா, இவங்க எல்லாரும் மயங்கி விழுந்திருக்கணும் இல்லையா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. நொதிக்கப் போட்டிருந்த தேயிலை முழுவதும் பாழ். கொழும்புக்கு அவர் டெலிபோன் பண்ண, என் மேலதிகாரி கருவியோடு உடனே திரும்பி வரச் சொன்னார். வேலை போனது என்றே நினைத்தேன். அதைவிட, மறுபடி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து யாரோ சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. அதுதான் வலித்தது.

பஸ்ஸில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அழுதேன். (நாட்டில் போர் நின்றிருந்த காலம். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியோடு என்னை எந்தப் பஸ்ஸிலும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.) கோபத்தில் கருவியை நிறுத்தக்கூட இல்லை. நுவரெலியா தாண்டி இறக்கம் தொடங்கியதும் தற்செயலாகப் பார்த்தேன். 16.9. இரண்டு வளைவு கழித்து 17.4. அழுகை நின்றது. 17.9. 18.2. இறம்பொடையில் 18.6!

காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் ஒன்றுதான். மலையில் காற்றின் அழுத்தம்தான் குறைவு. என் கருவியோ அழுத்தத்தைப் பார்த்து எண் சொல்கிற ரகம். அதைக் கடலோரத்தில் சரிசெய்து, டேப் ஒட்டி, ஆறாயிரம் அடிக்கு மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். உயர்தரப் பரீட்சையில் இதே கேள்விக்கு முழுப்புள்ளி வாங்கியவள் நான்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"நங்கி, பிஸ்ஸுத?" என்றார் கண்டக்டர் (தங்கச்சி, பைத்தியமா என்று அர்த்தம்). அன்றைக்கு அதை மறுக்கிற நிலையில் நான் இல்லை. இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்டோர் வாசலில், டீமேக்கர் ஐயா பார்க்க, என் கையெழுத்தைக் கிழித்தெறிந்து திருகை 20.9க்குத் திருப்பினேன். பிறகு குழாயைப் புகைக்கூண்டில் விட்டேன். எண் இறங்கி ஒன்பதில் நின்றது. கையேட்டில் விறகு அடுப்புக்கு நல்லது என்று போட்டிருந்த அளவு அதுவேதான். அப்பா நெருப்பின் நிறத்தைப் பார்த்தே காற்றுக் கதவை வைத்திருந்தார். நான் திருத்த அங்கே ஒன்றுமே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை போகவில்லை. "போய்ச் சேர்ந்த இடத்தில் சரிசெய்யவும்" என்று எழுதி எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டும் தண்டனை மட்டும் கிடைத்தது. வீட்டில் இன்றைக்கும் யாராவது மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால், என் பிள்ளைகள் "பதினாறு புள்ளி ஆறு!" என்று கூவுகிறார்கள்.

அப்பா மட்டும் இதை வேறு மாதிரிச் சொல்வார். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்: "எங்க ஸ்டோர் அடுப்ப அணைக்க வச்சது இதுவரைக்கும் ரெண்டே ரெண்டுதாங்க. ஒண்ணு ஸ்ட்ரைக்கு. இன்னொண்ணு எம் மக."