ஒரே மாதிரி முழித்த ஆந்தைகள்

மிகுந்த மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை படு சுகம். மிச்சம் இருப்பவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எந்தக் கடிதத்தையும் பாதிக்கு மேல் படிப்பதில்லை என்று உங்கள் தங்கையே சொல்லியிருப்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடனே கிளம்பி வந்து, இந்தப் பொம்மை வியாபாரத்தை மூட்டை கட்டச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால், என்னை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியாவது சிபாரிசு செய்ய வேண்டும்.

ஓய்வு பெற்ற புதிதில் நான் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் மாற்றி அடுக்கினேன், அவ்வளவுதான். உப்பைத் தேடி உங்கள் தங்கை அலைந்ததற்கு நானா பொறுப்பு? அந்தக் கோபத்தில்தான் அவள் நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய தையல் பெட்டியைத் திறந்தாள். ஆகவே முதல் குற்றவாளி நீங்கள். திறந்தவள் என் ஆபீஸ் சட்டைகளை வெட்டி, பஞ்சு அடைத்து, பட்டனைக் கண்ணாக வைத்து ஆந்தை பொம்மை செய்ய ஆரம்பித்துவிட்டாள். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டக் கூடாதா?" என்றேன். "எந்த ஆபீசுக்குப் போட்டுட்டுப் போகப் போறீங்க?" என்றாள். சுருக்கென்று இருந்தது மச்சான். என் சட்டைப் பையோடும், பையில் இருந்த மைக்கறையோடும் ஓர் ஆந்தை அலமாரி மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மாடி வீட்டு டீச்சரம்மா அதை முதல் ஆளாக வாங்கிக்கொண்டு போனார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆந்தைகளின் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்று நெற்றியில் இருக்கும், ஒன்று கன்னத்தில் இருக்கும். ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றது கடன்காரனைக் கண்ட மாதிரி ஓரமாக நழுவும். போல்ட் கம்பெனியில் ஆயுசு முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரம் பார்த்தவன், ஒரு மரை கோணினாலும் தூக்கிக் கடாசியவன், எப்படிப் பொறுப்பான்? "நானும் உதவி பண்றேனே" என்றேன். அவளும் ஏதோ இளகிப்போய், "சரி, கண்ணு மட்டும் தைங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று சாப்பாட்டு மேஜையில் தனக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டாள். உள்ளதைச் சொல்கிறேன், நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது கல்யாணமான புதிதில் கூடக் கிடையாது. அவள் பஞ்சு அடைப்பாள், நான் கண் தைப்பேன், நடுநடுவே உங்களைப் பற்றிப் புறம் பேசிச் சிரிப்போம். பொழுது போனதே தெரியவில்லை.

சும்மா தைத்திருந்தால் நான் நானா? அட்டையில் இரண்டு துளை போட்டு ஓர் அளவுகோல் செய்தேன். அதை முகத்தில் வைத்துப் புள்ளி குத்தினால் கண் நூலளவும் பிசகாது. அதோடு நிற்கவும் இல்லை. அவள் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் முன்பே தைத்து வைத்திருந்த ஆந்தைகளின் கண்களையும் பிரித்தெடுத்துத் திருத்தித் தைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கைவினைச் சந்தை. ஒரு கூடத்தில் ஆளுக்கொரு மேஜை. எங்களுக்கு இந்தப் பக்கம் மெழுகுவர்த்திக்காரர், அந்தப் பக்கம் சோப்புக்காரம்மா. ஆந்தைகளை அடுக்கினோம், அத்தனையும் ஒரே மாதிரி முழித்தன, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வந்தவர்கள் ஒன்றை எடுப்பார்கள், பக்கத்தில் இருப்பதை எடுப்பார்கள், இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், கீழே வைத்துவிட்டு சோப்பு வாங்கப் போய்விடுவார்கள். ஒரு அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டார்: "இதெல்லாம் ஃபேக்டரில மொத்தமா வாங்கினதுதானே?" உங்கள் தங்கையின் முகம் செத்துவிட்டது. சந்தை நடத்துகிற அம்மாள் வந்து, "இங்க கையால செஞ்சது மட்டும்தாங்க விக்கணும்" என்றார். "என் கையாலதாங்க செஞ்சேன்" என்று இவள் ஊசி குத்திய விரல்களை எல்லாம் நீட்டிக் காட்டினாள். அந்த அம்மாள் பாதி நம்பிவிட்டார். அப்போது பார்த்து நான் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். "எதை வேணும்னாலும் எடுத்து அளந்து பாருங்கம்மா, ஒண்ணுகூட தப்பாது" என்றேன். அளந்தார். தப்பவில்லை. எங்கள் மேஜையைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

வீடு வந்ததும், "இனிமே கொஞ்சம் கோணலா தைங்க" என்றாள். தைத்தேன் மச்சான்! மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லா ஆந்தைக்கும் இடது கண்ணை அரை விரல் இறக்கித் தைத்தேன். அட்டையில் அதற்கும் ஒரு துளை போட வேண்டியிருந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு பண்றதுக்குக்கூடவா அளவு வச்சுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு என் நாற்காலியில் பஞ்சு மூட்டையைத் தூக்கி வைத்தாள். என் உத்தியோகம் அதோடு போயிற்று.

இப்போது கண் தைப்பது டீச்சரம்மா. இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு கூடம் வரை கேட்கிறது. நாங்கள் உங்களைப் பற்றிச் சிரித்தோமே, அதே சிரிப்பு. ஆகவே யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வருத்தமாக இருக்கிறது மச்சான், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆபீஸ் போனது கூட எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை. நீங்கள் வந்து, பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். எந்த டாக்டர் என்று கேட்டால் இருமுங்கள்.

உங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் நோய்நொடி இல்லாத ஆயுளும், கடிதத்தைக் கடைசி வரை படிக்கும் பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வேலையும் சட்டையும் இழந்த
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. ஒரு பெண், கைக்கு ஒன்றாக இரட்டைப் பெண்குழந்தைகள். சந்தையில் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போன இடத்தில் எங்கள் ஆந்தை ஒன்றை வாங்கியிருந்தாராம். அன்றிலிருந்து வீட்டில் போர். "இதே மாதிரி இன்னொண்ணு வேணும்க்கா. துளிகூட வித்தியாசம் இருக்கக் கூடாது. போன தடவை ரெண்டு முயல் வாங்கி, காது நீளம் மாறிப்போய், பெரியவ சின்னவளைக் கடிச்சுட்டா" என்றார். உங்கள் தங்கை டீச்சரம்மா தைத்ததை எல்லாம் எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடைசியில், "எங்க வீட்டுக்காரரால மட்டும்தாங்க அது முடியும்" என்று உங்கள் தங்கை சொல்வது என் காதிலேயே விழுந்தது. பிறகு, "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்." போனேன். பஞ்சு மூட்டை தரையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த இரட்டைப் பிள்ளை வீடுகள் நிறைய இருக்கின்றனவாம்.

ஆகவே வர வேண்டாம். இங்கே எனக்குத் தலைக்கு மேல் வேலை. பொறுப்பு கைக்கு வந்துவிட்டபடியால் உங்கள் தங்கை அடைத்த பஞ்சையும் அமுக்கிப் பார்த்து, வயிறு சரியில்லாத நாலைந்து ஆந்தைகளைத் திருப்பிக் கொடுத்தேன். பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அவளிடமிருந்தும் உங்களுக்கு ஒரு கடிதம் வரும். அதில் உள்ள எதையும் நம்ப வேண்டாம்.