அறுபதடி ரோடு

வரைபடத்தில் அந்தச் சிவப்புக் கோடு வெங்கடப்பனின் சமையலறைக்குள் நுழைந்து, பூஜை அலமாரியைத் தட்டிவிட்டு, குளியலறை வழியாக வெளியே போயிருந்தது.

வரைபடத்தில் சமையலறை, குளியலறையெல்லாம் போட்டிருக்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் கம்பெனியில் லேத் மெஷின் முன்னால் நின்று ஓய்வு பெற்றவருக்கு அளவு கண்ணிலேயே இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கோடு நகரவில்லை.

"இது என்னாம்மா கோடு?"

நகரமைப்புத் திட்ட அலுவலகத்தில் மனு வாங்கும் வேலையில் இருந்த தர்ஷினி, கவுண்டருக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ரோடுங்க சார். அறுபதடி. புது மாஸ்டர் பிளான்ல வருது."

"என் வீடே முப்பதுக்கு நாப்பதும்மா."

தர்ஷினி விரலால் அளந்து பார்த்தாள். "அப்ப ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் எடுப்பாங்க சார்."

அவள் கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"இப்ப நான் என்னா பண்ணணும்?"

"இது இன்னும் முடிவாகல சார். ஆட்சேபணை எழுதிக் குடுங்க. மூணு காப்பி. அடுத்த மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் வெக்கிறாங்க. அங்க வந்தும் பேசலாம்."

வெங்கடப்பன் வீடு மத்திகிரியைத் தாண்டி, கால்நடைப் பண்ணையின் கம்பி வேலியை ஒட்டிய தாமரை நகரில் இருந்தது. மூன்றே தெரு. அந்த வீட்டைக் கட்டியது ஒரு மேஸ்திரி, கட்டவைத்தது அவர் மனைவி கெம்பம்மா. தளியில் ரோஜாப் பண்ணைக்கு வேலைக்குப் போகும் முன் தினமும் குடம் குடமாகச் சுவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போவாள். அவள் உயரம் குறைவு. அதனால் சமையல் மேடையை நாலு இன்ச் தாழ்த்திப் போடச் சொன்னாள். போன பங்குனியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது வெங்கடப்பன் அந்த மேடையில் குனிந்து குனிந்து தனக்கு ரசம் வைத்துக்கொள்கிறார். முதுகு பிடித்துக்கொள்கிறது. மேடையை உயர்த்திக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

மகள் சுசித்ராவுக்குப் போன் போட்டுக் கோடு விஷயத்தைச் சொன்னார்.

"நல்லதாப் போச்சுப்பா. நஷ்டஈடு குடுப்பாங்க. வாங்கிட்டுப் பெங்களூருக்கு வந்துடுங்க. அந்த வீட்டுல ஒண்டியா உக்காந்து என்ன பண்றீங்க?"

"உங்க பிளாட்டுல மேடை ரொம்ப ஒசரம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே ஆட்சேபணை எழுத உட்கார்ந்தார். நாலு பக்கம் வந்தது. அதில் மூன்று பக்கம் கெம்பம்மாதான் இருந்தாள். மறுநாள் தர்ஷினி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"சார், இந்த ஃபாரத்துல மூணு வரிதான் எடம் இருக்கு."

மூன்று வரிக்குள் கெம்பம்மாவை அடக்க முடியவில்லை. யோசித்துவிட்டு, 'ரோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தில் கண்டபடி தள்ளிப் போடவும்' என்று எழுதி, ஒரு படம் வரைந்து இணைத்தார். கோட்டைப் பண்ணைப் பக்கம், புல் மட்டும் வளரும் காலி நிலத்துக்குத் தள்ளியிருந்தார். ஸ்கேல் வைத்து, பென்சில் சீவிச் சீவி வரைந்த படம். கம்பெனியில் இருந்திருந்தால் சூப்பர்வைசரே பாராட்டியிருப்பார்.

ஒரே ஒரு கோளாறு. அவர் தன் வாசலில் நின்று பார்த்தபடி வரைந்திருந்தார். அவர் வாசல் தெற்குப் பார்த்தது. அலுவலகத்தில் வடக்கை மேலே வைத்துப் பார்த்தார்கள். வலது இடதாகி, ரோடு பண்ணை வேலிக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு முனிராஜின் மாடிப்படியில் ஏறிவிட்டது.

பத்தாம் நாள் முனிராஜ் ஒரு நோட்டீஸோடு வந்து வாசலில் நின்றார். ஐம்பது வயது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கரில் தக்காளி போடுகிறவர். வெங்கடப்பனோடு பதினெட்டு வருஷமாக ஒரே சுவர்.

"அண்ணா, என்மேல என்னா கோவம்?"

"எனக்கென்னா கோவம்?"

"ரோட்ட எங்க வீட்டு வழியா வுடச் சொல்லி நீங்க படம் போட்டுக் குடுத்ததா வந்திருக்குது. கையெழுத்துக் கூட உங்களுதுதான்."

வெங்கடப்பன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது சிவந்துபோனது. "தெசை மாறிப்போச்சு முனிராஜு. நாளைக்கே போய் மாத்திர்றேன்."

"எனக்குத் தெரியாதாண்ணா. நீங்க போய் வேணும்னு செய்வீங்களா" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ரெண்டு கிலோ தக்காளியை எடுத்து வைத்துவிட்டுப் போனார் முனிராஜ்.

மறுநாள் வெங்கடப்பன் இன்னொரு மனு கொடுத்தார். 'என் முந்தைய மனுவை ரத்து செய்யவும்.' தர்ஷினி உடனே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பாயசம் வைத்துச் சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள்: 'கதவு எண் 17, வெங்கடப்பன். ஆட்சேபணை திரும்பப் பெறப்பட்டது. திட்டத்துக்கு ஒப்புதல் எனக் கொள்ளப்படும்.'

"நான் எப்பம்மா ஒப்புதல் குடுத்தேன்?"

"ஆட்சேபணை இல்லேன்னா ஒப்புதல்தானுங்க சார்."

"இன்னொரு ஃபாரம் குடு."

"ஒரு கதவு எண்ணுக்கு ஒரு ஆட்சேபணைதான் சிஸ்டம் எடுக்கும் சார். கூட்டத்துல பேசிக்குங்க." பிறகு, அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்கமேல கோவிக்காதீங்க சார். இது நாங்களாப் போட்ட ரோடு இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி முதல் சுத்துல ஜனங்ககிட்ட கருத்துக் கேட்டாங்க. உங்க நகர்லேருந்தே யாரோ ரோடு வேணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அந்த ஒரு மனுவ வெச்சுத்தான் கோடு போட்டிருக்கு."

"எவன் அது?"

"பேரு தெரியல சார். மனுவெல்லாம் மூட்டையா கட்டிக் கெடக்குது. கூட்டத்தன்னிக்கு எடுத்துட்டு வருவோம்."

பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போது வெங்கடப்பன் கணக்குப் போட்டார். தாமரை நகரில் ரோடு வந்தால் யாருக்கு லாபம்? மூன்று தெருவிலும் எல்லோருக்கும் வீடு மட்டும்தான். ஒரு ஆளுக்குத்தான் பின்னால் ஒரு ஏக்கர் இருக்கிறது. ரோடு வந்தால் அது தக்காளித் தோட்டமாக இருக்காது, மனையாகிவிடும். ரெண்டு கிலோ தக்காளி கொடுத்துவிட்டுப் போனது கூட இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

நேராக முனிராஜ் வீட்டு கேட்டில் போய் நின்றார்.

"ரோடு கேட்டு எழுதிக் குடுத்தது நீதானே?"

"எந்த ரோடுண்ணா?"

"நடிக்காத. உன் தோட்டத்துக்கு வெல ஏறணும்னு என் வீட்ட இடிக்கச் சொல்லிட்டே. கெம்பம்மா போய் ஒரு வருஷங்கூட ஆகல."

முனிராஜ் கையில் பூச்சிமருந்து தெளிக்கும் குழாய் இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"அண்ணா, அக்கா போனன்னிக்கு மூங்கில் வெட்டிப் பாடை கட்டினது இந்தக் கைதான்."

"கட்டினவன்தான் இப்ப வீட்டயும் கட்டி எடுத்துட்டுப் போகப் பாக்குறே."

மனசு ரொம்ப நொந்துபோனால் முனிராஜுக்குத் தமிழ் நின்று கன்னடம் வந்துவிடும். "ஆய்த்துண்ணா, ஆய்த்து" என்றார். முடிந்தது என்று அர்த்தம். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. வெங்கடப்பனின் வீட்டில் பேச்சு முன்பே இல்லை. இப்போது தக்காளியும் இல்லை. புளி மட்டும் கரைத்துக் குனிந்து ரசம் வைத்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் மாவிலை இன்னும் வாசலில் தொங்கியது. மேடையில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், படம் வரைந்த கம்பெனியிலிருந்து ஹரீஷ்குமார் என்ற இன்ஜினியர் லேப்டாப்போடு இருந்தான். மணமக்கள் நிற்கும் இடத்தில் திரை கட்டி அதில் தாமரை நகரைக் காட்டினான். மேடைக்குக் கீழே தர்ஷினி மனு மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கொரு டீ, ரெண்டு பிஸ்கட்.

வெங்கடப்பன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மூன்று வரி என்று யாரும் இங்கே கட்டுப்படுத்தவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க வீடுங்க" என்றார். "அது எங்க வீடுங்க." அதற்கு மேல் வரவில்லை.

அதிகாரி நல்லவர். ஹரீஷ்குமார் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தள்ளிப் பாருங்களேன்" என்றார்.

ஹரீஷ்குமார் மவுஸை நகர்த்தினான். கோடு வெங்கடப்பன் வீட்டை விட்டு நகர்ந்து மாரியம்மன் கோயில் மேல் போய் நின்றது. மூன்று வரிசை எழுந்து நின்றது. மறுபடி நகர்த்தினான். அங்கன்வாடி. பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். மறுபடி நகர்த்தினான். கவுன்சிலரின் மச்சான் வீடு. இந்த முறை கவுன்சிலர் மட்டும்தான் எழுந்தார், ஆனால் கோடு மற்ற எல்லாத் தடவையையும் விட வேகமாக நகர்ந்தது. எல்லாவற்றையும் தவிர்த்துக் கடைசியில் அது பாம்பு போல வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"மேடம், இவ்ளோ வளைவு இருந்தா அறுபதடி பத்தாது" என்றான் ஹரீஷ்குமார். "எண்பதடி வேணும்."

எண்பதடிக்கு வெங்கடப்பன் வீட்டோடு எதிர் வீடும் சேர்ந்து போயிற்று. எதிர் வீட்டுக்காரர் திரும்பி வெங்கடப்பனை முறைத்தார்.

அப்போது பின்வரிசையில் முனிராஜ் எழுந்தார். மைக் வாங்கிக்கொள்ளவில்லை.

"மேடம், அந்த வீட்ட வுட்டுடுங்க. ரோடு வேணும்னா என் தோட்டத்துல எடுத்துக்குங்க. ஓரமா வளைச்சுட்டுப் போங்க."

ஹரீஷ்குமார் கோட்டைத் தக்காளித் தோட்டத்துக்கு நகர்த்தினான். எந்த வீட்டிலும் படாமல், எந்தக் கோயிலையும் தொடாமல், கோடு நேராக உட்கார்ந்தது. பிரச்சினை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் வெங்கடப்பனுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. மைக்கை மறுபடி வாங்கினார்.

"பாத்தீங்களா? தோட்டத்துக்கு ரோடு வேணும், அதுக்குத்தான் இத்தனையும். இந்த ரோட்டக் கேட்டதே இந்த ஆளுதான். என் வீட்டுக்காரிய அக்கா அக்கான்னு கூப்பிட்டு, அவ போனதும் அவ வீட்டக் கேக்குறான்."

"அவர் நிலத்தைக் குடுக்கறேன்னு சொல்றார்ங்க" என்றார் அதிகாரி.

"எதுக்குக் குடுக்கறான்? ரோடு கேட்டு எழுதினது யாருன்னு அந்த மூட்டையில இருக்குதுன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. எடுத்துப் படிக்கச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் படிக்கட்டும்."

முனிராஜ் ஒன்றும் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த மௌனத்தைப் பார்த்ததும் தாமரை நகர் ஜனங்கள் பாதிப்பேர் வெங்கடப்பன் சொல்வதுதான் சரி என்று முடிவு செய்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் முறைப்பை முனிராஜ் பக்கம் திருப்பினார்.

அதிகாரி தலையசைத்தார். தர்ஷினி மேடைக்குப் பக்கத்தில் மூட்டையை அவிழ்த்து, கட்டுக் கட்டாகப் புரட்டினாள். காகிதத்தூசி பறந்தது. மண்டபத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் கூட நின்றுவிட்டது. கடைசியில் மகளிர் குழுக்களிடமிருந்து வாங்கிய மனுக்களின் கட்டிலிருந்து ஒற்றைத்தாள் ஒன்றை உருவினாள்.

"தாமரை நகர்லேருந்து இது ஒண்ணுதான் மேடம் வந்திருக்கு."

"மைக்குல படிம்மா" என்றார் வெங்கடப்பன். "சத்தமாப் படி."

தினமும் நூறு மனு படிக்கிறவளின் ஒரே மாதிரியான குரலில், எழுத்துக்கூட்டி எழுதப்பட்டிருந்த அந்தத் தாளைத் தர்ஷினி படிக்க ஆரம்பித்தாள்:

"'ஐயா அவர்களுக்கு, எங்க வீட்டுக்காரரு ஷிப்ட்டு முடிஞ்சு மெயின் ரோட்டுல எறங்கி ரெண்டு மைலு நடந்தே வராரு, முட்டி வீங்கிக் கெடக்குது, கேட்டா ஒண்ணுமில்லேன்றாரு, நான் எழுதினது அவருக்குத் தெரிய வேணாம், டவுன் பஸ்ஸு எங்க வாசல் வரைக்கும் வர மாதிரி ஒரு ரோடு போட்டுக் குடுங்க, இப்படிக்கு கெம்பம்மா, கணவர் பேரு வெங்கடப்பன், கதவு எண் பதினேழு.'"