பயிற்சி நடக்கிறது, பயப்பட வேண்டாம்

கதவின் கைப்பிடி கழன்று துறைத்தலைவரின் கையோடு வந்துவிட்டது.

அந்த அம்மாள் முதலில் கைப்பிடியைப் பார்த்தார். அப்புறம் கதவைப் பார்த்தார். அப்புறம், உலகத்தில் நடக்கிற அத்தனை கோளாறுக்கும் நீதான் பொறுப்பு என்கிற மாதிரி சீஃபைப் பார்த்தார்.

"என்ன சீஃப் இது?"

"கைப்பிடி மேடம்."

உண்மையில் கைப்பிடியைப் பற்றி சீஃபுக்குக் கவலையே இல்லை. மேடம் எதற்காக எழுந்து கதவுக்குப் போனார் என்பதுதான் கவலை. தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டி, தலைமை அதிகாரியாக ஓய்வு பெற்று, பேரிடர் மேலாண்மை முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர் அவர். ஒரு வருஷ ஒப்பந்தம். நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது இன்றைய வகுப்பை மேடம் வந்து பார்ப்பதில்தான் இருந்தது. மேடத்தைப் பற்றி அந்தக் கட்டடத்துக்கே தெரியும். பிடித்தால் கடைசி வரை உட்காருவார். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார். எழுந்து போனால் ஆள் அவுட்.

சீஃப் பத்தாவது ஸ்லைடைத் தாண்டுவதற்குள் மேடம் எழுந்துவிட்டார்.

ஓய்வு பெற்ற புதிதில் சீஃப் ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால், வெளியேறும் வழியை அடைக்கிறது என்று பீரோவை நகர்த்தினார். பக்கத்து வீட்டில் பால் தீய்ந்த வாசனைக்கு விசில் ஊதி மாடியையே காலி செய்ய வைத்தார். மனைவி முகம் சுளிக்கவில்லை, பாவம். ஆனால் அவருக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று. யாருக்கும் வேண்டாத ஆளாகிவிட்டோமே என்று உள்ளுக்குள் அழுதிருக்கிறார். இந்த வகுப்பு கிடைத்த பிறகுதான் மனுஷனுக்கு மறுபடியும் பசி எடுத்தது.

அதனால் நேற்று மாலை ஸ்லைடு முழுவதையும் மனைவியின் முன்னால் ஒத்திகை பார்த்தார். மூன்றாவது ஸ்லைடில் அவள் கண் சொக்கிவிட்டது.

"லிஃப்ட்ல மாட்டுனவங்க கதையச் சொல்லுங்களேன். எத்தன வாட்டி கேட்டாலும் எனக்கு அதுல மட்டும் தூக்கம் வராது."

"அது அரட்டை. இது முதுகலை வகுப்பு. அந்த மேடம் யாரு தெரியுமா? கூட்டத்துல ஜனங்க ஏன் பதறுறாங்கன்னு இவ்ளோ தடியா புஸ்தகம் எழுதினவங்க. பிடிக்கலன்னா பாதியிலயே எழுந்து போயிடுவாங்களாம்."

"அவங்க ஒரு மணி நேரம் உக்காந்துட்டாப் போதும், அதானே?"

"போதும். உக்காரணுமே!"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். காலையில் வழக்கத்தைவிடப் பெரிய டிபன் கேரியராகக் கட்டிக் கொடுத்து, "காரிடார்ல ஒரே சத்தமா இருக்கும். கதவச் சாத்திட்டு நடத்துங்க" என்றாள். அந்தக் காரிடார் அவளுக்கு நன்றாகத் தெரியும். சீஃப் மாதத்தில் பாதி நாள் கண்ணாடியை மறந்துவிட்டு வருவார். அவள் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, போகிற வழியில் வாட்ச்மேன், கேன்டீன்காரர், கார்பென்டர், தோட்டக்காரர் என்று ஒருவர் விடாமல் நலம் விசாரித்துவிட்டுப் போவாள். அங்கே சீஃபைவிட அவளுக்குத்தான் செல்வாக்கு.

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்றார் மேடம், கையில் கைப்பிடியோடு.

"ஒரே நிமிஷம் மேடம்." சீஃப் கதவில் இருந்த ஓட்டையில் பேனாவை விட்டு நெம்பினார். உள்ளே இருந்த கம்பி பிடிபடுவதற்குப் பதிலாக நழுவியது. வெளிப்பக்கக் கைப்பிடியையும் இழுத்துக்கொண்டு போய்க் காரிடாரில் 'டங்'கென்று விழுந்தது.

"போச்சு" என்றாள் கடைசி வரிசை நர்ஸ்.

அந்த வகுப்பில் எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "ஒரு உதை விட்டா தெறந்துடும் சீஃப்."

"உள்பக்கமாத் தெறக்கற கதவய்யா. உதைச்சா உன் கால்தான் தெறக்கும். உக்காரு."

"ஃபோன் பண்ணி யாரையாவது வரச் சொல்லலாமே?" என்றார் மேடம்.

எல்லாரும் சீஃபைப் பார்த்தார்கள்.

வகுப்பில் கவனம் சிதறக்கூடாது என்று எல்லாருடைய ஃபோனையும் வாங்கி, வெளியே பெஞ்சில் ஒரு கூடையில் போட வைப்பது சீஃபின் சட்டம். தன் ஃபோனை முதலில் போட்டு வழிகாட்டுவார். இன்று மேடத்தின் ஃபோனையும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் போட்டிருந்தார்.

"சத்தம் போட்டா யாராவது வருவாங்க" என்றார் சீஃப். எல்லாருமாகக் கதவைத் தட்டிக் கத்தினார்கள். "காப்பாத்துங்க! கதவத் தெறங்க!"

காரிடாரில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. ஒரு பெண் குரல் எதையோ நிதானமாகப் படித்தது. "பயிற்சி நடக்கிறது, பயப்பட வேண்டாம்." பிறகு, "நல்லா நடிக்கறாங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பு போய்விட்டது.

சீஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். போன மாதம் பயிற்சியில் இவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டு யாரோ நிஜத் தீயணைப்பு வண்டியையே வரவழைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பு நாளெல்லாம் அப்படி எழுதிய ஓர் அட்டையைத் தன் கையாலேயே கதவுக்கு வெளியே மாட்டி வருகிறார்.

"அந்த அட்டைய எழுதினது யாரு?" என்று கேட்டார் மேடம்.

"கையெழுத்து என்னுதுதான் மேடம்."

மேடத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அதைப் பார்த்ததும் சீஃபுக்குப் பதற்றம் வந்துவிட்டது. சுவரில் இருந்த அபாய மணியின் கண்ணாடியை முழங்கையால் ஓர் இடி இடித்தார். கட்டடமே அலறியது.

"இப்பப் பாருங்க, எப்படி வர்றாங்கன்னு!"

வரவில்லை. போனார்கள். மணி அடித்தால் எதையும் எடுக்காமல், எவரிடமும் நின்று பேசாமல், நேராக மைதானத்துக்குப் போக வேண்டும் என்று கட்டடம் முழுவதற்கும் தொண்டை வறளக் கற்றுக் கொடுத்தவரே சீஃப்தான். ஜன்னலைப் பாதி திறந்து பார்த்தால், இரண்டு மாடிக்குக் கீழே அத்தனை பேரும் அழகாக வரிசையில் நின்றிருந்தார்கள். கட்டடத்தில் கதவைத் திறக்க ஓர் ஆள் இல்லை. சீஃப் கையை ஆட்டிக் கத்தினார். கீழே தோட்டக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"பேரிடர் ஆளுங்க மேலேர்ந்து மார்க் போடறாங்க! வரிசைய ஒழுங்கா நில்லுங்கப்பா!"

எல்லாரும் நிமிர்ந்து நின்று டாட்டா காட்டினார்கள்.

"அவ்ளோதான்" என்று மேடம் நாற்காலியில் சரிந்தார். "எனக்கு… மூச்சு… பூட்டின ரூம்னா எனக்கு ஆகாது."

பதற்றத்தைப் பற்றித் தடிப் புத்தகம் எழுதியவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. அந்த நிமிஷம் சீஃப் ஸ்லைடை மறந்தார், ஒப்பந்தத்தை மறந்தார். மேடத்தின் எதிரில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"மேடம், என்னப் பாருங்க. அந்தக் கைப்பிடி உங்க பொறுப்பு. கீழ போடக் கூடாது. நர்ஸம்மா, மேடத்தோட நாடியப் பிடி. டிரைவர், ஜன்னல்கிட்ட நில்லு, கீழ நடக்கறத சொல்லிட்டே இரு. மத்தவங்க ஆளுக்கொரு வேலை எடுத்துக்கோங்க. வேலை இருக்கறவனுக்குப் பயப்பட நேரமிருக்காது. இத நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல. ஒரு லிஃப்ட்ல படிச்சேன்."

"லிஃப்ட்லயா?" மேடம் கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கட்டடத்துல வெள்ளம். நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஆறு பேர், அதுல ரெண்டு பேர் சம்பந்தி. மூணு வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. நான் மேல இருந்து கயிறு விடறேன், கீழ 'நீ முதல்ல சாவு, நான் முதல்ல சாகறேன்'னு ஒரே கலாட்டா…"

மேடம் சிரித்துவிட்டார். மூச்சு தானாக இறங்கியது.

சீஃப் பேசினார். ஒரு சம்பந்தியை டார்ச் பிடிக்க வைத்ததையும், இன்னொருவரை ஆள் எண்ண வைத்ததையும், எண்ணும்போது அவர் வேண்டுமென்றே சம்பந்தியை விட்டுவிட்டு எண்ணியதையும் சொன்னார். அன்று தான் செய்த தப்பையும் ஒளிக்காமல் சொன்னார். மாணவர்கள் குறுக்கே கேட்டார்கள், சண்டை போட்டார்கள், தங்கள் கதையைச் சொன்னார்கள். நடுவில் டிபன் கேரியர் திறந்தது. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் வந்தது. மேடத்துக்கு இரண்டு வாய்.

"வெளிய வந்தப்போ ரெண்டு சம்பந்தியும் தோள் மேல கை போட்டுட்டு வந்தாங்க மேடம். என்னத்தான் யாரும் கண்டுக்கல."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத ஏன் சீஃப் முதல்லயே சொல்லல? அந்த ஸ்லைடெல்லாம் தூக்கிப் போடுங்க. அடுத்த வருஷம் மட்டும் இல்ல, நான் இருக்கற வரைக்கும் இந்த வகுப்பு உங்களுக்குத்தான்."

சீஃப் எழுந்து நின்று, பழைய பழக்கத்தில் ஒரு சல்யூட் அடித்தார்.

வகுப்பு முடிகிற நேரத்துக்குச் சரியாகக் கதவு திறந்தது. கார்பென்டர் பெட்டியோடு நின்றிருந்தார். எல்லாரும் ஃபோனைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறினார்கள். மேடம் கைப்பிடியை சீஃபின் கையில் மரியாதையாக ஒப்படைத்துவிட்டுப் போனார்.

"நல்ல நேரத்துல கழண்டுதுய்யா இந்தக் கைப்பிடி" என்றார் சீஃப், அதை நீட்டியபடி.

கார்பென்டர் வாங்கி, கதவில் பொருத்தி, ஸ்க்ரூவைப் பாதி வரை திருகிவிட்டு நிறுத்தினார்.

"முழுசா முடுக்கிடவா சார், இல்ல அடுத்த வாரத்துக்கும் லூஸாவே விட்டுடவா? எதுக்கும் உங்க வீட்டம்மாவ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, காலையில ஃபோன் போட்டு ஸ்க்ரூவக் கழட்டி வைக்கச் சொன்னதே அவங்கதானே."