அணு உலைக்கு மார்க் போடும் மகளுக்கு ஒரு பலாப்பழ விளக்கம்

செஞ்சி,
ஞாயிறு, மத்தியானம்.

அருமை மகள் ஜெயசுதாவுக்கு உன் நைனா விநாயகம் மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மேலதிகாரியிடம் நீ காட்ட வேண்டிய விஷயம் என்பதால், கையெழுத்துப் போட்டே எழுதுகிறேன். படிக்கும்போது கையில் சூடாக எதையும் வைத்துக்கொள்ளாதே.

போன வாரம் உன் அம்மா தொண்டூரில் தன் தங்கை வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அனந்தபுரத்திலிருந்து கோதண்டராமன் என்று ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர். கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு பலாப்பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். "எம் பையன் ஆதவன், என்ஜினீயர். உங்க பொண்ணு போட்டோ பாத்தோம், புடிச்சிருக்குது" என்றார். உன்னைப் பிடிக்காதவர்கள் உண்டா என்ற மிதப்பில் நானும் கத்தியில் எண்ணெய் தடவிப் பழத்தை அறுத்துவிட்டேன். நாங்கள் இருவரும் தின்றோம், மீதியைத் தெருவுக்கே கொடுத்தேன். புறப்படும்போது செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே அந்த மனிதர் சொல்கிறார்: "எம் பையன் வேல பாக்குற அணுமின் நிலையத்துக்குத்தான் உங்க பொண்ணோட ஆபீசு இந்த மாசம் செக்கிங் வந்துக்கீது. நம்ம வூட்டுக்கு வரப்போற பொண்ணு, பாத்து மார்க் போடச் சொல்லுங்க."

எனக்கு வயிற்றுக்குள் பலாச்சுளை அப்படியே நின்றுவிட்டது. பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் புத்திக்கு எட்டியபடி, "பஸ்ஸுக்கு எஃப்.சி. காட்டுற மாதிரிதான?" என்று கேட்டேன். "எஃப்.சி. வருஷத்துக்கு ஒரு நாள் நைனா, இது வருஷம் பூரா" என்றாய். கரண்ட் நின்றுபோனால் உலையைக் குளிர வைக்கிற பம்பை ஓட்ட டீசல் ஜெனரேட்டர் உடனே கிளம்புகிறதா, வேலை செய்பவர்கள் மேல் கதிர்வீச்சு எவ்வளவு பட்டிருக்கிறது, போன தடவை சொன்ன குறையைச் சரிசெய்தார்களா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத் தரம் போடுவோம் என்றாய். "பெயிண்ட்ட பாக்க மாட்டோம் நைனா. ஒரு தப்பு நடந்தா, அங்க இருக்கறவங்க பயப்படாம வாயத் தொறந்து சொல்றாங்களா, அதத்தான் மொதல்ல பாப்போம்" என்றாய். அங்கே ஒரு டீ குடித்தாலும் எங்கள் காசில்தான் என்றும் சொன்னாய். டீக்கே அப்படி என்றால் பலாப்பழத்துக்கு என்ன ஆகும்? உன் வேலைக்கே ஆபத்து என்று தோன்றிவிட்டது. தின்றதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதே அளவில் வேறொரு பழம் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று முடிவு பண்ணி, நேற்றுக் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு அனந்தபுரம் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் பொடியன் பழத்துக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றான். ரிட்டயர்டு மெக்கானிக் என்று சொன்னேன். "நீங்கதான் ரிட்டயர்டு, பழம் ரிட்டயர்டு இல்லியே பெருசு" என்றான். இந்த வாக்குவாதத்தில் நான் கையை எடுத்த நேரம், வழியில் ஒரு ஆடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் அடிக்க, பழம் மடியிலிருந்து குதித்து உருண்டு நேராக டிரைவர் காலடிக்குப் போய் கிளட்சை முட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டது. பஸ் நின்றது, ஆடும் பிழைத்தது. ஆனால் பிரேக் பிடித்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நின்றது. இதற்குமேல் சொன்னால் நீ அதற்கும் ரிப்போர்ட் எழுதுவாய்.

பழம் ஒரு பக்கம் பிளந்து வாசனை ஊரைத் தூக்க, நான் கோதண்டராமன் வாசலில் போய் நின்றதும் அவர் சம்சாரம், "ஐயோ, சம்பந்தி பழத்தோட வந்துட்டாரு, தட்டு எடுங்க" என்று ஆரத்தி கரைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். நெற்றியில் பொட்டோடு நின்றுகொண்டு, "இது சீர் இல்லீங்க, உங்க பழத்தத் திருப்பிக் குடுக்க வந்தேன்" என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? "பழத்தத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எந்த ஊர்ல இருக்குது? எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்?" என்று கோதண்டராமன் கத்திக்கொண்டே மகனுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி: "பழம் குடுத்தீங்களா? சுதா வூட்டுக்கா? யாரு நைனா உங்கள குடுக்கச் சொன்னது?"

"உனக்கு நல்லதுதான்டா பண்ணேன். செக்கிங்ல எதனா எசகுபிசகா எழுதிட்டா?"

"எழுதியாச்சு. ஜெனரேட்டர் ஓட்டிப் பாக்க வேண்டிய நாள எங்க ஷிப்டுல தள்ளிப் போட்டுட்டோம். செக்கிங் வந்த மேடத்துகிட்ட நானே போய்ச் சொன்னேன். அவங்க எழுதனது சரிதான். இப்ப இந்தப் பழத்தையும் எங்க ஆபீஸர்கிட்ட நான் சொல்லியாவணும். ஷிப்டுக்கு டைம் ஆயிடுச்சி, போன் உள்ள எடுத்துனு போவக் கூடாது. வெச்சுடறேன்."

கோதண்டராமன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கோ, சொன்னால் சிரிப்பாய், கண் கலங்கிவிட்டது. நீ சொன்ன அந்த வாயைத் திறந்து சொல்கிற ஆள் இவன்தான் என்று தெரிந்துவிட்டது. போட்டோவை மட்டும் பார்த்தவன் 'சுதா' என்று உரிமையாகச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான், போகட்டும். ஆனாலும் உன் வேலை முக்கியம். "இந்தப் பேச்சே வாணாங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நல்ல பையனை விட்டுவிட்டோமே என்று நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மகளே, உன் மேலதிகாரியிடம் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு: என் தகப்பனார் தெரியாமல் ஒரு பலாப்பழம் தின்றுவிட்டார், மகளுக்கு அதில் சம்பந்தமில்லை என்று. எனக்காக அந்த ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்காதே. ஆதவனை மறந்துவிடு. நீ எந்த உலைக்குள் நுழைந்தாலும் அம்மன் உனக்கு முன்னால் நடக்கட்டும், பல்லாண்டு நல்லா இரு.

உன் அன்பு நைனா,
வி.

பின்குறிப்பு: உன் அம்மா இன்று காலைதான் தொண்டூரிலிருந்து வந்தாள். மேலே உள்ளதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். நீயும் ஆதவனும் ஒரு வருஷமாகப் பழக்கமாம். அதை நீயே உன் ஆபீசில் சொல்லி அந்த நிலையத்து வேலையிலிருந்து முன்னமே விலகிக்கொண்டாயாம். அங்கே போனது மோனிகா என்கிற வேறு அதிகாரியாம். எங்களிடம் வந்து பேசச் சொல்லித் தன் அப்பாவை அனுப்பியதே அந்தப் பையன்தானாம். பழமும் மார்க்கும் மட்டும் அவர் சொந்தச் சரக்காம். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல கூட்ரோடு டீக்கடைக்கே தெரிஞ்சுடும்" என்கிறாள். என்ன ஒரு அபாண்டம்! மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கோதண்டராமனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாயிற்று, வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள், நீயும் வந்துவிடு. கடிதத்தை இப்போதே தபாலில் போட்டுவிடுகிறேன், டீக்கடைக்கு ஒரு நடை போய்விட்டு வந்து.