லாடத்தாரும் ராஜகீதமும்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய கொழும்பில், வருவது அரை மைலுக்கு அப்பாலேயே கேட்டுவிடக்கூடிய மனிதர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் கவர்னர். மற்றவர் எங்கள் லாடத்தார். கவர்னருக்கு முன்னால் குதிரைகள் வரும். லாடத்தாருக்குக் குதிரை தேவைப்படவில்லை. அந்தச் சத்தத்தை அவர் இரண்டு கால்களாலேயே உண்டாக்கிவிடுவார்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் சம்மரி இருந்தது. சம்மரி என்றால், கல்யாணமாகாத உத்தியோகத்தர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளையும் வைத்து, அந்த ஆளின் சமையலைக் குறைசொல்லிக் காலம் தள்ளும் வீடு. கீழே வீட்டுக்காரி, ஒரு பறங்கி விதவை. மேலே நாங்கள் நால்வர். மூத்தவர் பெரியண்ணை, நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையத் தேவாரமுமாகத் தபால் கந்தோருக்குப் போய்வருபவர். அடுத்தவர் அப்புக்காத்து, அதாவது வக்கீல், என்று நாங்கள் பட்டம் சூட்டியவர்; சட்டப் பரீட்சையில் சித்தியெய்தாததால் சட்டத்தை மேலும் மேலும் படித்துக்கொண்டே இருந்தவர். நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் சுருக்கெழுத்தாளன். லாடத்தார் அதே கந்தோரில் கிளாக்கர்.

லாடத்தாருக்கு உலகத்தில் ஒரே ஒரு பிடிப்பு: ஹொலிவூட்டிலிருந்து வரும் பாட்டும் ஆட்டமுமான படங்கள். சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அவர் போகாவிட்டால் தியேட்டர்க்காரர்கள் படத்தைத் தொடங்குவார்களோ என்பதே சந்தேகம். படத்தில் கதை வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு வந்தால் திறப்பார். கதாநாயகனும் நாயகியும் பிரிந்தார்களா சேர்ந்தார்களா என்று கேட்டால், "அது எனக்குத் தெரியாது, அவையள் படியில இறங்கி ஆடினவை" என்பார்.

பெரியண்ணைக்கு இந்தப் படங்களைப் பற்றி ஒரு தீராத ஆட்சேபம்.

"நடுறோட்டில நிண்டு பாடுறாங்கள் எண்டு சொல்லுறாய். அந்த வாத்தியக்காரர் எங்கையிருந்து வாறாங்கள்?"

"திருவிழாவில மேளகாரர் எங்கையிருந்து வாறார் எண்டு நீங்கள் கேட்கிறனீங்களோ, அண்ணை?"

"அவரைக் கூப்பிட்டதே நான்தானே."

இந்த விவாதம் சோறு ஆறும்வரை நடக்கும். இங்கிலீஷ் படத்தில் பேச்சும் விளங்காமல் பாட்டு அதைவிட விளங்காமல் தவித்தவன் நான். லண்டன் பரீட்சை எழுதியவன் என்பதால் அதை வெளியில் சொல்லாமல், எனக்குச் சோக நாடகங்களில்தான் ஈடுபாடு என்று சொல்லி வைத்திருந்தேன்.

பெயர் வந்த கதை இது. திரையில் ஆடுகிறவர்களின் சப்பாத்தில் இரும்புத் துண்டு பதித்திருப்பதை லாடத்தார் கண்டுபிடித்தார். வெள்ளவத்தையில் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரும் அப்படிச் செய்ய உடன்படவில்லை. ஆகவே சப்பாத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிக்கும் ஒருவரிடம் போனார். அவர் கடதாசியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"மாடு எங்கங்க?"

"மாடு இல்லை. எனக்குத்தான்."

அந்த மனிதர் தொழில் தர்மம் உள்ளவர். நாலு காலுக்குத்தான் தன் வேலை, இரண்டு காலுக்கு அடித்துப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். லாடத்தார் யோசித்தார். வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போய், கந்தோருக்குப் போடும் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து நாலு காலுக்கும் லாடம்.

வீட்டில் அவர் பழகத் தொடங்கியதும் கீழ் வீட்டுக் கூரைச் சுண்ணாம்பு விதவையின் சூப்பில் விழுந்தது. அவர் தும்புத்தடியால் கீழிருந்து ஓங்கி ஓங்கி இடிப்பார். "மிஸிஸ் நல்லாத் தாளம் பிடிக்கிறா" என்று லாடத்தார் இன்னும் உற்சாகமாக ஆடுவார். கந்தோரிலோ, அவர் தாழ்வாரத்தில் நடந்தால் தூங்கிக்கொண்டிருக்கும் கிளாக்கர்மார் எல்லாரும் துரை வருகிறார் என்று எழும்பிவிடுவார்கள். எங்கள் பகுதியில் வேலை ஓரளவு நடந்ததற்கு அதுதான் காரணம்.

கொழும்பை விட்டு நகர அவர் தயாராக இல்லை. மன்னாரில் பதவி உயர்வு என்று வந்தது. அங்கே தியேட்டர் இல்லை என்று மறுத்துவிட்டார். ஒரு பெண்ணின் தகப்பனார் சம்பந்தம் பேச ஊரிலிருந்து வந்தார். வீடு, வளவு, நகை என்று சொல்லி முடித்ததும் லாடத்தார், "உங்கட வீட்டிலையிருந்து தியேட்டர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். "எங்கட பக்கம் அப்பிடியான அசிங்கம் ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார் அவர் பெருமையோடு. லாடத்தார் எழும்பி அவருக்குக் குடையை எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சனிக்கிழமை சோதனை வந்தது.

அந்த நாட்களில் படம் முடிந்ததும் பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் ராஜகீதம் வாசிப்பார்கள். எல்லாரும் எழுந்து, கையைத் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அன்றைய படம் ஒரு பெரிய ஆட்டத்தோடு முடிந்து, மூச்சுவிட நேரமில்லாமல் ராஜகீதம் தொடங்கிவிட்டது. லாடத்தாரும் எழுந்து நின்றார். ஆனால் அவர் கால்கள் இன்னும் படத்துக்குள் இருந்தன. மண்டபம் முழுவதும் மூச்சடங்கி நிற்க, பின்வரிசையிலிருந்து 'டக்கட டக்கட' என்று ஒரு மாட்டு வண்டி போனது. முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி திரும்பிப் பார்த்தார். அவர் எங்கள் துரையின் மனைவி.

திங்கட்கிழமை விசாரணை என்று கட்டளை வந்தது. இதற்குள் செய்தி பரவி, சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு இளைஞர்கள் சம்மரிக்கு வந்து, "ஏகாதிபத்தியத்தை மிதிச்சீங்கள் தோழர்" என்று லாடத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் நடுங்கிப்போய், தான் மிதித்தது பலகையை மட்டும்தான் என்று சொல்லி, அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

அன்றிரவு அப்புக்காத்து வழக்கை எடுத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகத்தருக்கு எந்தக் கஷ்டத்திலும் ஒரே மருந்துதான் உண்டு: வருத்தம், அதாவது நோய். காலில் நரம்புத் துடிப்பு என்று சொல்லிவிடலாம். நொண்டிக்கொண்டு உள்ளே போனால் துரை இரங்கிவிடுவார். எல்லாரும் ஒப்புக்கொண்டோம். சாப்பாட்டு மேசையைத் தள்ளிவைத்து லாடத்தாரை நொண்டப் பழக்கினோம். அங்கேதான் சிக்கல். மனிதருக்குத் தாளம் தப்பி நொண்ட வரவில்லை. நாலு அடி நொண்டினால் ஐந்தாவது அடியில் தானாக ஒரு சுழல் சுழன்றார்.

"எடேய், வருத்தக்காரன் சிரிக்கமாட்டான்," என்றார் பெரியண்ணை.

"தெரியும் அண்ணை. கால் சந்தோஷப்படுது, நான் என்ன செய்ய?"

விசாரணையைச் சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை. லாடத்தார் கதவிலிருந்து மேசை வரை நொண்டி வந்தார். நாலு அடி, ஒரு சுழல், நாலு அடி, ஒரு வணக்கம். துரை பேனையைக் கீழே வைத்தார். எந்தக் கால் என்று கேட்டார். இரண்டும்தான், மாறி மாறி என்றார் லாடத்தார். அப்படியானால் வைத்திய சபைக்கு அனுப்பி, உடல்நலமில்லாதவர் என்று வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார் துரை, மிகவும் அனுதாபத்தோடு.

அப்புக்காத்தின் சட்ட அறிவு இந்த இடம்வரை வந்து யோசித்திருக்கவில்லை. நான் பென்சிலைப் பிடித்தபடி கூரையைப் பார்த்தேன். வருத்தம் என்றால் வேலை போகும், இல்லையென்றால் ராஜ அவமரியாதை.

லாடத்தார் நிமிர்ந்து, நொண்டலை விட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னார். தமக்கு வருத்தம் இல்லை. ராஜாவின் மேல் கோபமும் இல்லை. படம் திரையில் முடிந்துவிட்டது, காலுக்குள் இன்னும் முடியவில்லை. அவ்வளவுதான்.

துரை பேனையை எடுத்து மூடினார். பிறகு, தம் மனைவிக்கு அந்த ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை, ராஜகீதத்துக்கு அந்தத் தாளம் சரிவராது என்பதுதான் அவர் முறைப்பாடு என்றார். இன்னொருமுறை இப்படி ஒரு சத்தம் காதில் விழுந்தால் மன்னாருக்கு மாற்றம். இதை எழுத வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

லாடத்தார் தப்பினார். தப்பி வந்த அன்றே சப்பாத்து நாலிலிருந்தும் லாடத்தைக் கழற்றினார். அடுத்த சனிக்கிழமை படத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. பத்திரிகையில் சினிமா விளம்பரத்தை மடியில் விரித்தபடி ஜன்னலோரம் இருந்தார். கீழிருந்து விதவை மேலே வந்து, ஆளுக்குச் சுகமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"இண்டைக்குப் படம் இல்லையோ?" என்று பெரியண்ணை கேட்டார்.

"இருக்கண்ணை. புதுப்படம். நல்ல ஆட்டமாம்."

"பிறகென்ன?"

"காலை நம்ப ஏலாமல் கிடக்கு. மன்னாருக்கு அனுப்பிப்போடும்."

பெரியண்ணை திருநீற்றுக் குடுவையை மூடி வைத்தார். பிறகு எழுந்து சால்வையை எடுத்தார்.

"கோயில்ல ஒருத்தருக்கு உரு வந்து ஆடினால் என்ன செய்யிறனாங்கள்? ஆடாதை எண்டு சொல்லுறமோ? ஆள் விழாமல் சுத்தி நிக்கிறம். வெளிக்கிடுங்கோ எல்லாரும்."

அப்படியாகத்தான் ஆட்டபாட்டப் படங்களைக் கண்ணாலும் காணப் பிடிக்காத மூன்று பேர், அன்றிலிருந்து கொழும்புக்கு வந்த அத்தனை ஆட்டபாட்டப் படங்களையும் பார்த்தோம். திரையைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லி வந்த பெரியண்ணை, முதல் படத்திலேயே பாதியில் என் காதுக்குள், "அந்த மூண்டாவது பெட்டை பிந்திப் பிந்திக் காலெடுக்கிறாள்" என்றார். நான் சோக நாடகத்தில் ஈடுபாடு உள்ளவனாகையால் அதைக் கவனிக்கவில்லை என்றேன். கவனித்திருந்தேன்.

கடைசி வரிசை, சுவரோரம். படம் முடியும். ராஜகீதம் தொடங்கும். பெரியண்ணை முன்னால் போய்ச் சால்வையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்பார். அப்புக்காத்து ஒரு பக்கம், நான் மறுபக்கம், பின்னால் சுவர். மூன்று பேரும் கையைத் தொங்கவிட்டு, கல்லுத்தூண் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்போம். எங்களுக்கு நடுவில் அவர் மூச்சு மட்டும் வேகமாகக் கேட்கும்.

எங்களில் ஒருவரும் ஒருநாளும் குனிந்து அவர் காலைப் பார்க்கவில்லை.