கழுதை சார் நலப் பயிற்சிக்குப் போன கதை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதில் ஒரு கழுதை வாத்தியாராக இருந்தது. அந்தக் கழுதை நான்தான். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். சுமந்து பழகிய முதுகு இருக்கிறதா என்று மட்டும்தான் இந்த வேலைக்குப் பார்ப்பார்கள், அதனால் என்னை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

என் வகுப்பில் அல்லி என்று ஓர் ஆமைக்குட்டி. அவள் ஓர் எழுத்தைப் பார்த்து, யோசித்து, சொல்லி முடிப்பதற்குள் முயல் பிள்ளைகள் பாடத்தையே முடித்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். அவள் அம்மா ஒருநாள் வந்து கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சார் முன்னாடி ஒரு வரி வாசி. இல்லேன்னா படிச்சது போதும், குளத்துக்கே வந்துடு."

அல்லி அழுதுவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை பூரா உனக்குத்தான். எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கழுதைக்கு இதெல்லாம் தேவையா?

வியாழக்கிழமை சாயங்காலம் செல்போனில் செய்தி வந்தது. நாளை ஆசிரியர்களுக்குச் சமத்துவம், மன அழுத்தம், நலவாழ்வு பற்றிய பயிற்சி. வராதவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். படித்த உடனே எனக்கு மன அழுத்தம் வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பைப் பூட்டிவிட்டு, பயிற்சிக்குப் பெரிய பேனர் கட்டியிருந்த ஆலமரத்தடிக்குப் போனேன். பயிற்சி கொடுக்கும் கருத்தாளராகக் குயில் மேடம் வந்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். பிள்ளைகளை எப்படி அரவணைத்து வளர்க்க வேண்டும் என்று உருகி உருகிப் பேசினார். எங்கள் தலைமையாசிரியை காக்கை டீச்சர் கைதட்டிக்கொண்டே என் காதுப் பக்கம் குனிந்தார்.

"அரவணைக்கிறதைப் பத்தி யாரு பேசறதுன்னு பாருங்க சார். இவங்க பிள்ளைங்க இப்பவும் என் கூட்டுலதான் சோறு கேட்டுக் கத்திக்கிட்டு இருக்குதுங்க."

முதலில் சமத்துவம். எல்லாருக்கும் ஒரே அளவு முக்காலி போட்டிருந்தார்கள். யானை சார் உட்கார்ந்ததும் முக்காலி மண்ணுக்குள் போய்விட்டது. எலி டீச்சர் ஏற முடியாமல் கடைசிவரை நின்றுகொண்டே சமத்துவம் கற்றார். அடுத்தது மன அமைதி. கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னார்கள். பாதி மூச்சில், அமைதியாக இருக்கும் போட்டோவை உடனே குழுவில் போடச் சொல்லிச் செய்தி வந்தது. ஆளாளுக்கு ஒரு கண்ணைத் திறந்துகொண்டு அமைதியைப் படம் பிடித்தோம்.

பிறகு குயில் மேடம் கேட்டார். "யாருக்கெல்லாம் மனசு பாரமா இருக்கு? தயங்காம கை தூக்குங்க."

ஒருத்தரும் அசையவில்லை. எங்கள் பள்ளியில் எதைப் பற்றி வாயைத் திறக்கிறோமோ அந்த வேலை நம் தலையில் விழும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெரியாத்தனமாகச் சொன்ன நரி சார்தான் இன்றுவரை தண்ணீர்ப் பொறுப்பாளர். இது எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் "சொல்லுங்க சார்" என்று அந்தக் குரல் கேட்டதும் என் முன்னங்கால் தானாக மேலே போய்விட்டது.

"முடியல மேடம். கணக்கெடுப்புக்குப் போறேன், மதியச் சாப்பாட்டை ருசி பாக்கறேன், எல்லாத்துக்கும் போட்டோ அனுப்பறேன். ஒரு பிள்ளை வாசிக்கிறதைக் கேக்கத்தான் நேரமில்ல." அதோடு பெரிதாகக் கத்திவிட்டேன். எனக்கு அழுகை அப்படித்தான் வரும்.

எல்லாரும் கைதட்டினார்கள். "இவ்வளவு மனசு திறந்து பேசறீங்களே சார்" என்றார் காக்கை டீச்சர். "இனிமே ஆசிரியர் நலப் பொறுப்பாளர் நீங்கதான். மாசாமாசம் அறிக்கை கொடுத்துடுங்க. இப்போதைக்கு அந்த பேனரைக் கழட்டிச் சுருட்டி மேடம்கிட்ட கொடுங்க."

பேனரின் கயிற்றை நான் பல்லால் கவ்விய நேரம் பார்த்து அல்லி வந்து சேர்ந்தாள். பூட்டிய வகுப்பைப் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து நடந்து வந்திருக்கிறாள்.

"சார், வெள்ளிக்கிழமை முடியப் போகுது சார்."

புத்தகமோ பூட்டிய வகுப்புக்குள். பேனரைக் கண்ணால் காட்டினேன். அல்லி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஆ..." என்றாள். ரொம்ப நேரம் கழித்து, "சி..." என்றாள்.

"சார், சுருட்டுங்க, அடுத்த காட்டுக்குப் போகணும்" என்று குயில் மேடம் பேனரை இழுத்தார். நான் விடவில்லை. பிடிவாதம் ஒன்றுதான் நான் யாரிடமும் பயிற்சி எடுக்காமல் கற்றது. "சார், விடுங்க சார், மேடம் கோவிச்சுக்கப் போறாங்க" என்று காக்கை டீச்சர் பதறினார். பிறகு அல்லியின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வந்து பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆசிரியர் நலமே மாணவர் நலம்" என்று அல்லி வாசித்து முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. "சரியா சார்?" என்றாள். கயிற்றோடு தலையை ஆட்டினேன். அம்மாவிடம் சொல்ல ஓடினாள். ஆமை ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் குயில் மேடம் பேனரை இழுப்பதை விட்டுவிட்டு அத்தனையையும் வீடியோ எடுத்துவிட்டார். ஒரே நாள் பயிற்சியில் ஆமை வாசித்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடத்துக்கு ஏக மகிழ்ச்சி. எல்லாக் காடுகளிலும் இதே பயிற்சி, கருத்தாளர் கழுதை என்று உத்தரவு வந்தது. இப்போது காடு காடாகப் போய், வகுப்பில் பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள் என்று உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் காக்கை டீச்சர் போன் செய்தார்.

"அல்லி தினமும் வர்றா சார். உங்க வகுப்புக் கதவுல ஒட்டியிருக்கிறதைக் கடகடன்னு வாசிக்கிறா."

"என்ன ஒட்டியிருக்கு டீச்சர்?"

"'ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றுள்ளார்'னு. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல சார்."

நீதி: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வாசித்துவிட்டால், தயவுசெய்து வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.