ஆறு முறை செத்த பேட்டரி

இனி எனக்குக் காது கேட்காது என்று நான் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை வரை தாக்குப்பிடித்தால் போதும்.

காரணம் லுவா. ஹைஃபாங் நகரத்தில் எங்கள் சந்தில் இருக்கும் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் அவள்தான் குடியிருப்போர் குழுத் தலைவி. அன்று காலை வந்து, தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"வியென் அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை சமூகக் கூடத்துல பழைய பேட்டரி, பியூஸ் போன பல்பு, கெட்டுப்போன மின்சாரச் சாமான் எல்லாம் சேகரிக்கிறோம். இருபது பேட்டரி குடுத்தா ஒரு பூந்தொட்டி."

"நல்ல காரியம்" என்றேன்.

"எதை எதுல போடணும்னு சனங்களுக்குத் தெரியல. போன வருஷம் ஒருத்தர் டியூப்லைட்டை ரெண்டா உடைச்சு எடுத்துட்டு வந்தார். பைக்குள்ள அடங்கலையாம்! நீங்க முப்பத்தாறு வருஷம் கப்பல் பட்டறையில ஸ்டோர் பாத்தவர். மைக் முன்னால நின்னு ஒரு கால் மணி நேரம் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லிடுங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மைக்கைப் பிடித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். என் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தைதானா என்று இன்றுவரை யாரும் உறுதி சொல்லவில்லை.

என் இடது காதைக் கப்பல் பட்டறையின் சம்மட்டிகள் எடுத்துக்கொண்டன. வலது காதில் ஒரு கருவி இருக்கிறது. மகள் துயெட் வாங்கித் தந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேட்டரி அதற்கு. அது உள்ளே இருந்தால் பக்கத்துச் சந்தில் இருமினாலும் கேட்கும். எடுத்துவிட்டால் என் மனைவி தோவா பேசுவதே கேட்காது. தோவா முப்பத்தோரு வருடம் மீன் சந்தையில் கூவி விற்றவள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

காதைச் சொறிவதுபோல் கையைக் கொண்டுபோனேன். பேட்டரியை எடுத்தேன்.

"அடடா, பேட்டரி தீர்ந்துடுச்சு!" என்றேன்.

உலகம் பஞ்சு மூட்டைக்குள் போனது. லுவாவின் வாய் அசைந்தது. தோவாவின் வாய் அதைவிட வேகமாக அசைந்தது. நான் செத்த பேட்டரியை அலமாரியில் இருக்கும் கண்ணாடி ஜாடிக்குள் போட்டேன். லுவா எழுந்து போனாள். சிரித்துக்கொண்டே போனது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ஒரு மணி நேரம் கழித்து தோவா புதுப் பேட்டரி ஒன்றை நீட்டினாள். ஆறு அடங்கிய அட்டையில் மிச்சம் ஐந்தும் அவளுடைய பெட்டிக்குள் இருந்தன. போட்டுக்கொண்டேன்.

"துயெட் அப்பா, அந்த லுவா என்ன சொன்னான்னா..."

உடனே கழற்றினேன். "இதுவும் போச்சு. இப்போல்லாம் சரக்கே சரியில்ல."

இப்படித்தான் அந்த வாரம் போனது. வள்ளைக்கீரையும் சோறும் சாப்பிடும்போது தோவா மறுபடி லுவா பேரை எடுத்தாள். மூன்றாவது பேட்டரி செத்தது. கழற்றி வைத்திருக்கும் நேரங்களில் அவள் ஏதாவது கேட்டால் தலையாட்டிவிடுவேன். ஆமாம் என்று தலையாட்டினால் சண்டை வராது. கல்யாணமான நாற்பத்திரண்டு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு வேதனை. ஜாடியில் 213 பழைய பேட்டரி சேர்த்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை எண்ணினால் 216 இருக்க வேண்டும். 213தான் இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். வெள்ளிக்கிழமை 218 இருக்க வேண்டும். அப்போதும் 213. முப்பத்தாறு வருடத்தில் என் ஸ்டோரில் ஒரு திருகாணி குறைந்ததில்லை. இப்போது என் வீட்டிலேயே ஐந்து உருப்படி காணவில்லை. தோவாவிடம் கேட்கலாமென்றால், "செத்த பேட்டரி மேல உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?" என்பாள். இன்னொரு தடவை எண்ணினேன்.

ஜாடி மட்டுமல்ல, பரணிலும் எனக்குச் சேமிப்பு உண்டு. மேசை விசிறி நான்கு, ரைஸ் குக்கர் மூன்று, இஸ்திரிப் பெட்டி இரண்டு, ரேடியோ இரண்டு, டி.வி ஒன்று, பல்பு இருபத்தாறு, டியூப்லைட் ஏழு. அதைப் பற்றி எங்களுக்குள் நடக்கும் பேச்சு வருடக்கணக்காக ஒன்றுதான்.

"எப்போ இதையெல்லாம் வெளியேத்தப் போறீங்க?"

"ஒரு விசிறியோட மோட்டாரையும் இன்னொண்ணோட இறக்கையையும் சேத்தா நல்ல விசிறி ஒண்ணு தேறும்."

"மேல நாலு விசிறி படுத்துக் கிடக்கு. கீழ நான் ஓலைத்தொப்பியால விசிறிக்கிறேன்."

"குப்பையில போட்டா மண்ணுக்குக் கேடு. பழைய சாமான்காரிகிட்ட போட்டா ஒயரைக் கொளுத்திப் புகை போடுவாங்க, ஊருக்குக் கேடு."

"பரண்ல கிடந்தா எனக்குக் கேடு."

அதோடு நிற்கும். பரண் அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை ஆறாவது பேட்டரியும் செத்தது. அட்டை காலி. இனிப் புதியது வாங்க ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று சொல்லித் தப்பிவிடலாம். என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோவா மேசை மேல் ஒரு பேட்டரியை வைத்தாள். போட்டுக்கொள் என்று கையைக் காட்டினாள். காலியான அட்டையிலிருந்து ஏழாவது எப்படி வந்தது? எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. போட்டேன். தெளிவாகக் கேட்டது.

"திங்கக்கிழமை செத்தாரே, அவருதான் இவரு" என்றாள் தோவா. "நீங்க ஜாடியில போடப் போட நான் எடுத்து எடுத்துக் குடுத்தேன். ஆறு தடவை சாவு. ஒரு தடவைகூட அடக்கம் நடக்கல. அட்டையில இருந்த அஞ்சும் ஸ்டிக்கர் பிரிக்காம என் பெட்டியில பத்திரமா இருக்கு."

அப்படியானால் ஜாடியில் 213 சரிதான். அந்த நிலையிலும் எனக்கு ஒரு ஆறுதல் பிறந்தது. அடுத்த நொடியே மைக் நினைவுக்கு வந்தது.

"தோவா, என்னால முடியாது. அத்தனை பேர் முன்னால மைக்கைப் பிடிச்சா நான் அங்கேயே விழுந்துடுவேன். வேற எது சொன்னாலும் செய்யறேன். மைக் மட்டும் வேண்டாம்."

"உங்களை யார் பேசச் சொன்னா?"

"லுவா..."

"திங்கக்கிழமை நீங்க காதைச் சொறிஞ்ச மறு நிமிஷமே நான் சொல்லிட்டேன், இந்த மனுசனுக்கு மைக் ஆகாது, மேசை போட்டு எண்ண உக்காத்தி வைன்னு. அவளும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டா. மைக்கில நான் பேசறேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"அஞ்சு தடவை சொல்ல வந்தேன். லுவான்னு பேரெடுத்தாலே காதைக் கழட்டி வச்சா நான் சுவத்துகிட்டயா சொல்றது?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு நாளாக நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போனது. இல்லாத மைக்குக்குப் பயந்து இருந்த காதைக் கழற்றி வைத்திருக்கிறேன்! சிரிப்பு வந்தது. இரண்டு கிண்ணம் தேநீர் குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீரை அந்த வாரம் முழுவதும் குடிக்கவில்லை.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. அதில் விசிறி நான்கு. குக்கர் மூன்று. என் டி.வி. பல்புகளும் டியூப்லைட்டுகளும் ஒன்றுகூட உடையாமல் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தன. நான் கட்டியிருந்தால்கூட அவ்வளவு நேர்த்தியாக இருந்திருக்காது.

"இது எப்போ இறங்குச்சு?"

"நேத்து மத்தியானம் நீங்க தூங்கையில. நானும் லுவாவும் ஏணி போட்டு இறக்கினோம். ஒரு குக்கர் உங்க தலைமாட்டுல விழுந்துது. நீங்க புரண்டுகூடப் படுக்கல."

"என்னைக் கேக்காம..."

"கேட்டேனே! செவ்வாய்க்கிழமை விசிறியைக் குடுக்கவான்னேன், தலையாட்டினீங்க. வியாழக்கிழமை டி.வின்னேன், ஆட்டினீங்க. வெள்ளிக்கிழமை மிச்சமெல்லாம்னேன், சிரிச்சுக்கிட்டே ரெண்டு தடவை ஆட்டினீங்க. லுவா சாட்சி."

கேட்கவில்லை என்று சொன்னால் கருவியை ஏன் கழற்றினேன் என்று சொல்ல வேண்டும். லுவாவும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனேன்.

சமூகக் கூடத்தில் எனக்கு ஒரு மேசை, ஒரு பென்சில். வருகிறவர்களிடம் எண்ணி வாங்கினேன். பொத்தான் பேட்டரிக்கு இரண்டு பக்கமும் ஒட்டு நாடா ஒட்டுங்கள் என்றேன். உப்பிப்போன போன் பேட்டரியை மணல் வாளியில் தனியாக வையுங்கள் என்றேன். பல்பையும் பேட்டரியையும் ஒரே பையில் போடாதீர்கள் என்றேன். மைக்கில் ஒரு தடவை சொல்லப் பயந்ததை அறுபத்து மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகச் சொன்னேன். கடைசியில் எங்கள் வீட்டுச் சாமானையும் எண்ணி எழுதினேன். 213 பேட்டரிக்குப் பத்துத் தொட்டி. பதின்மூன்று மிச்சம்.

அப்புறம் கூட்டிப் பார்த்தேன். மற்ற அறுபத்து மூன்றில் எந்த வீடும் எங்களை எட்டவில்லை. இன்னொரு தடவை கூட்டினேன். என் கணக்கு என்றைக்குத் தப்பியது? தாளை லுவாவிடம் கொடுத்தேன்.

லுவா அதைப் படித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். "முதலிடம் வியென் அண்ணா வீடு! அண்ணன் வந்து ரெண்டு வார்த்தை பேசணும்!"

அறுபத்து நான்கு வீடும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் தொண்டைக்குள் அந்தப் பழைய சத்தம் புறப்பட்டது. தோவாவைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் எட்டி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் கூச்ச சுபாவம்" என்றாள். அதற்கு மைக்கே தேவையில்லை. "இத்தனை வருஷம் கண்ணா காப்பாத்தின சாமான். ஊர் மண்ணு நல்லா இருக்கணும்னு, நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாம, தானா முன்வந்து குடுத்துட்டார். இனிமே ஒரு பழைய பல்பைக்கூட வீட்டுல சேக்க மாட்டேன்னு முடிவும் பண்ணிட்டார்!"

கூடமே எழுந்து கைதட்டியது. மைக் என் கைக்கு வராமல் போன நிம்மதியில், நானும் பலமாகத் தட்டினேன்.